அக்கரைக்கு ஒரு மோட்டார்

விற்பனைக் காகிதத்தில் பெரிய எழுத்தில் 'மூன்று குதிரைத் திறன்' என்று போட்டிருந்தது. அதற்குக் கீழே, கண்ணாடி போட்டால்தான் தெரியும் அளவில், 'மூன்று குதிரைத் திறன் பெட்ரோல் இன்ஜினுக்கு இணையான உந்துதல்' என்று இருந்தது. இரண்டும் ஒன்றல்ல. மாப்பிள்ளைக்கும் அவர் வீட்டார் அனுப்பும் போட்டோவுக்கும் உள்ள தூரம் அது. குன்னூர்ப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் மின்சாரச் சோதனைப் பிரிவில் இருந்து ஓய்வு பெற்றவன் நான். நானே அளந்து பார்க்காத எண் எதையும் நம்பிப் பழக்கமில்லை. "இவருக்கு ஒரு கடிகாரம் மணி காட்டுனாப் பத்தாதுங்க, இன்னொண்ணையும் பாக்கோணும்" என்று என் மனைவி வந்தவர் போனவரிடமெல்லாம் சொல்லுவாள்.

எங்கள் ஊர் அணைத் தண்ணீருக்கு அந்தப் பக்கம் இருக்கிறது. வீடுகள் கொஞ்சம்தான். கேரட், முட்டைக்கோஸ், சரிவில் துண்டு துண்டாகத் தேயிலை, நடுவில் ஒரு சின்ன மாதா கோயில். வந்துபோக ஒரே ஒரு ரோடு இருந்தது. ஒரு மழைக்காலத்தில் அது மண்ணோடு சரிந்து பள்ளத்தில் போய் விழுந்தது. வந்து பார்த்தார்கள், அளந்தார்கள், போட்டோ எடுத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் வரவில்லை. காட்டைச் சுற்றிக்கொண்டு ஜீப்பில் போனால் ஊட்டி போய்ச் சேரவே அரை நாள் ஆகிவிடும். தண்ணீரைக் குறுக்கே கடந்தால் எதிர்க்கரையில் தார் ரோடு.

கடக்க ஒரு துடுப்புப் படகு இருந்தது. காற்று இல்லாத காலையில் பரவாயில்லை. மதியத்துக்கு மேல் பள்ளத்தாக்கிலிருந்து காற்று ஏறிவிட்டால் துடுப்புப் போடுகிறவன் ஒரு பக்கம் போவான், படகு இன்னொரு பக்கம் போகும்.

என் மனைவிக்கு இரண்டு சிறுநீரகமும் போய்விட்டன. வாரத்துக்கு மூன்று முறை ஊட்டிக்கு டயாலிசிஸுக்குப் போகவேண்டும். விடியும் முன்பே எதிர்க்கரைக்கு ஒரு வேன் வரும். அவளைப் போல வேறு சிலரையும் ஏற்றிக்கொண்டு போகிற வேன் அது. டிரைவர் நல்ல மனுஷன்தான், ஆனால் ஒருவருக்காகக் காத்திருந்தால் மற்றவர்களின் மெஷின் நேரம் போய்விடும். அதனால் காத்திருக்க மாட்டார். ஒரு முறை தவறினால் அவளுக்குக் கால் வீங்கும். தொடர்ந்து தவறினால் என்ன ஆகும் என்பதை டாக்டர் என்னைத் தனியாக வெளியே கூப்பிட்டுச் சொல்லியிருந்தார்.

ஆகவே மோட்டார். பெட்ரோல் இன்ஜினுக்கு அனுமதி கிடையாது, குடிதண்ணீர் போகிற அணை. அனுமதி கிடைத்திருந்தாலும் இந்த உயரத்தில் பெட்ரோல் இன்ஜினுக்கு மூச்சு வாங்கும். காற்று மெலிந்து போன இடத்தில் அதன் பலத்தில் ஒரு பங்கு தானாகவே குறைந்துவிடும். மின்சார மோட்டாருக்கு அந்தத் தொல்லை இல்லை. கோயில் பங்குப் பேரவை கூடி, எல்லாரும் போட்டதைப் போட்டு, ஒரு மோட்டார் வாங்குவது என்று முடிவானது. எதை வாங்குவது என்று சொல்லும் பொறுப்பு என் தலையில் விழுந்தது. விழாவிட்டாலும் நானே போய் எடுத்துக்கொண்டிருப்பேன்.

கோயம்புத்தூரிலிருந்து விற்பனைக்காரர் ஒருவர் இரண்டு மோட்டார்களையும் பேட்டரிகளையும் ஜீப்பில் போட்டுக்கொண்டு, காட்டைச் சுற்றி, ஒரு சனிக்கிழமை பொழுது சாயும் நேரத்தில் வந்து சேர்ந்தார். ஐப்பசிக் குளிருக்கே அவருக்குப் பல் தந்தியடித்தது. எங்கள் வீட்டில்தான் தங்கினார். பேட்டரிகளும் எங்கள் வீட்டில்தான் சார்ஜ் ஏறின. மறுநாள் பூசை முடிந்ததும் ஊரே கரைக்கு இறங்கி வந்துவிட்டது. ஃபாதர் மோட்டார்களுக்குத் தீர்த்தம் தெளித்தார். விற்பனைக்காரர் முகத்தைப் பார்த்தேன். வயரிங்கில் தண்ணீர் போகாமல் இருக்கவேண்டுமே என்ற கவலை அதில் தெரிந்தது.

முதலில் இழுவையைப் பார்த்தேன். படகின் பின்பக்கத்தில் மோட்டாரை மாட்டி, படகைக் கயிற்றால் கரையில் நின்ற கற்பூர மரத்தில் கட்டி, கயிற்றின் நடுவில் ஒரு ஸ்பிரிங் தராசைக் கோத்தேன். மோட்டாரை முழுசாகத் திருகினால் படகு முன்னால் போகப் பார்க்கும், மரம் விடாது, தராசில் முள் நகரும். பெரிய மோட்டார் போட்ட போடில் மரத்திலிருந்து பட்டை உரிந்து விழுந்தது. கரையில் கைதட்டினார்கள்.

"பெரிசையே எடுத்துரலாமே" என்றார் ஃபாதர்.

"கட்டிப்போட்ட மாடு எவ்வளவு இழுத்தா என்னங்க ஃபாதர்? ஓடறதைப் பாக்கோணும்" என்றேன்.

அவிழ்த்துவிட்டு ஓட்டினேன். காற்றோடு ஒரு தடவை, காற்றுக்கு எதிராக ஒரு தடவை. வேகத்தைப் போன் சொன்னது. பேட்டரியிலிருந்து எவ்வளவு மின்சாரம் போகிறது என்பதை நான் கொண்டுபோன மீட்டர் சொன்னது. பிறகு ஆளுக்குப் பதிலாகக் கேரட் மூட்டைகளை ஏற்றி மறுபடியும் அதே மாதிரி. பெரிய மோட்டாரின் விசிறி சின்னது, வேகமாகச் சுற்றுவது. வெறும் படகில் பாய்ந்தது. மூட்டை ஏறியதும் தண்ணீரைக் கடைந்ததே தவிர, படகு நகர்ந்தது கொஞ்சம்தான். சின்ன மோட்டாரின் விசிறி அகலம், நிதானமாகச் சுற்றுவது. பாரம் ஏற்றினாலும் அதன் நடை மாறவில்லை. கரையோரப் பாசி சுற்றினாலும் பின்பக்கம் சுழற்றி உதறிவிட்டுப் போனது.

முழுசாகத் திருகாமல் பாதிக்குக் கொஞ்சம் மேலே வைத்து ஓட்டினால் வேகம் சிறிதுதான் குறைகிறது, ஆனால் பேட்டரி தாங்குகிற தூரம் இரண்டு மடங்குக்கு மேல் கூடுகிறது. இதை நான் புத்தகத்தில் படித்திருந்தேன். தண்ணீரில் கண்ணால் பார்த்தபோது சின்னப் பையன் மாதிரிச் சந்தோஷப்பட்டேன். அன்றைக்கு அந்தச் சின்ன மோட்டாரின் பேட்டரி, அக்கரை போய்த் திரும்பி, மறுபடியும் போய்த் திரும்பி, இன்னமும் மிச்சம் வைத்திருந்தது.

"சார், எங்க காயிதத்துல போட்டதுக்கு மேலயே ஓடுதுங்க" என்றார் விற்பனைக்காரர். இதைச் சொல்லும்போது அவருக்கே ஆச்சரியம்.

என் மனைவி கரையில் ஒரு மூட்டையின் மேல் உட்கார்ந்திருந்தாள். வெயிலுக்குத் தலையில் துண்டு போட்டிருந்தாள். நான் இறங்கி வந்து, "இனி உனக்கு வேன் தவறாது" என்றேன். அவள் சிரித்தாள். ரொம்ப நாளைக்கு அப்புறம் அவள் அப்படிச் சிரித்ததைப் பார்த்தேன்.

சின்ன மோட்டாரையே வாங்கினோம். கரையோரத்தில் ஒரு தகரக் கொட்டகை போட்டு, கோயிலிலிருந்து மின் கம்பி இழுத்து, பேட்டரியை அங்கேயே சார்ஜ் போட ஏற்பாடு செய்தோம். பகலெல்லாம் பள்ளிக்கூடப் பிள்ளைகளும் பால் கேனும் காய்கறியும் போய்வரும். இரவில் பேட்டரி சார்ஜ் ஏறும். விடியும் முன் முதல் சவாரி என் மனைவிக்கு. ஓட்டத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். சொல்லிக் கொடுக்கிறேன் என்றால் ஆள் வரவில்லை. கரண்ட் விஷயமாயிற்றே, நீங்களே பாத்துக்குங்க என்று நழுவிவிட்டார்கள்.

கார்த்திகை வரைக்கும் குறை சொல்ல ஒன்றுமில்லை. மார்கழியில் உறைபனி இறங்கியது. காலையில் புல்லெல்லாம் உப்புத் தூவியது போல வெளுத்துக் கிடக்கும். தண்ணீரோரம்தான் குளிர் அதிகம், சரிவிலிருந்து இறங்குகிற குளிரெல்லாம் அங்கே வந்துதான் தேங்கும். மோட்டாரின் வேகம் நாளுக்கு நாள் சோர்ந்துகொண்டே வந்தது. விசிறியைக் கழற்றிப் பார்த்தேன். வயர் முனைகளைத் தேய்த்துச் சுத்தம் செய்தேன். சார்ஜரை மாற்றி மாட்டிப் பார்த்தேன். குறை எதுவும் அகப்படவில்லை.

அப்படி ஒரு காலையில், நடுத் தண்ணீரில், மோட்டார் முனகலைக் குறைத்துக்கொண்டே வந்து நின்றுபோனது. சுற்றிலும் மூடுபனி. எந்தப் பக்கமும் கரை தெரியவில்லை. எதிர்க்கரையில் வேன் ஹாரன் அடித்தது. கொஞ்சம் விட்டு மறுபடியும் அடித்தது. நான் துடுப்பை எடுத்துப் போட ஆரம்பித்தேன். கை விறைத்து, துடுப்பு பிடியில் நிற்கவில்லை. வேன் கிளம்பிப் போகிற சத்தம் தண்ணீர் மேல் தெளிவாகக் கேட்டது.

"போயிருச்சுங்க" என்றாள்.

"கேட்டுச்சு" என்றேன்.

திரும்பித் துடுப்புப் போட்டு வந்தேன். அடுத்த முறைக்குள் அவளுக்கு மூச்சு முட்ட ஆரம்பித்துவிட்டது. படுக்க முடியாமல் சுவரில் சாய்ந்து உட்கார்ந்தே இருந்தாள். அன்று எதிர்க்கரைக்கு வேன் வராத நாள். பொழுது விடிந்ததும் ஜீப் பிடித்து, காட்டைச் சுற்றி, அவளை மடியில் சாய்த்துக்கொண்டு போனேன். அந்தப் பாதையில் ஒவ்வொரு பள்ளத்திலும் ஜீப் தூக்கிப்போட்டபோது எனக்கு அந்த மோட்டாரைத் தண்ணீரில் தூக்கி எறியவேண்டும் போல இருந்தது. போய்ச் சேர்ந்தோம். பிழைத்தாள். டாக்டர் என்னைத் திட்டினார். திட்டட்டும் என்று நின்றேன்.

திரும்பி வந்ததும் பேட்டரியைச் சோதிப்பதற்காக வீட்டுக்கு எடுத்து வந்தேன். நிறையச் சோதித்தேன், ஒரு குறையும் இல்லை. இரவு அங்கேயே சார்ஜ் போட்டுவிட்டுப் படுத்தேன். காலையில் வாசலில் இருந்ததை எடுத்துக் கரைக்குக் கொண்டுபோய் மாட்டினால், முதல் நாள் ஓடிய மாதிரியே ஓடியது. வீட்டுக்கு வந்து அடுப்பங்கரையில் நின்று பார்த்தேன்.

"ராத்திரி அதை எங்க வெச்சிருந்தே?" என்று கேட்டேன்.

"எதைங்க? பேட்டரியையா? குளுருல கெடக்குமேன்னு அடுப்போரமா நகத்திவெக்கச் சொன்னனுங்க பக்கத்து ஊட்டுக்காரங்ககிட்ட. தோசை மாவுச் சட்டிக்குப் பக்கத்துல. ரெண்டுக்கும் சேத்துக் கம்பளியப் போத்திவிட்டேன். வெடியறப்ப அவங்களே வாசல்ல கொண்டாந்து வெச்சாங்க."

"அன்னிக்கு? அந்த ஆள் கோயம்புத்தூர்ல இருந்து கொண்டுவந்தப்போ?"

"அன்னிக்கும்தானுங்க. ஏனுங்க, தப்புங்களா?"

தப்பு இல்லை. இந்த மலையில் எல்லார் வீட்டிலும் செய்கிறதுதான். மாவு புளிக்கவேண்டும் என்றால் கம்பளி போர்த்தி அடுப்போரம் வைக்கவேண்டும். விதை உருளைக்கிழங்கும், அப்போது பிறந்த கோழிக்குஞ்சும், காலையில் கிளம்ப அடம்பிடிக்கும் ஜீப்பின் பேட்டரியும் அங்கேதான் வரும். அவ்வளவு சாதாரணமான காரியம் என்பதால் யாருக்கும் கண்ணில் படவில்லை. எதைச் சோதித்தாலும் எந்தச் சூட்டில் சோதித்தோம் என்று முதல் வரியில் எழுதுவது எங்கள் தொழிற்சாலையில் பாலபாடம். என் வீட்டு அடுப்பங்கரை சோதனைக்கூடத்தின் ஒரு பகுதி என்று எனக்குத் தோன்றவே இல்லை. இந்த வகை பேட்டரி குளிர்ந்து போனால் சார்ஜை உள்ளே வாங்காது, வாங்கினதையும் முழுசாகக் கொடுக்காது. தகரக் கொட்டகையில் அது இரவெல்லாம் பட்டினி கிடந்திருக்கிறது.

கொட்டகையிலேயே சூடு பண்ணப் பார்த்தேன். தெர்மோகோல் பெட்டி செய்து உள்ளே குண்டு பல்பு போட்டேன். பனி கடுமையான இரவுகளில்தான் எங்கள் லைனில் கரண்ட் போகும், போனால் விடிந்துதான் வரும். பல்பும் அணைந்து, சார்ஜும் நின்று, பெட்டி ஐஸ் பெட்டியாகிவிடும். இன்னொரு பேட்டரி வாங்கலாம் என்றால், மோட்டாருக்குச் சமமான விலை. பங்குப் பேரவையில் வாயைத் திறக்கவே எனக்குக் கூச்சமாக இருந்தது. விறகடுப்பு கரண்டை நம்பி இல்லை. ஆகவே தினமும் பொழுது சாய்ந்ததும் பேட்டரியைத் தோளில் தூக்கிக்கொண்டு மேலே ஏறுவேன், விடியும் முன் தோளில் தூக்கிக்கொண்டு கீழே இறங்குவேன். அரை மூட்டை சிமெண்ட் கனம் இருக்கும். பாதை என்று சொல்லிக்கொள்வது தேயிலைக்கு நடுவே வெட்டிய மண்படி.

வேன் தவறவில்லை. பொங்கலும் தாண்டியது. மோட்டார் சொன்ன சொல் கேட்டது. என் முட்டிதான் கேட்கவில்லை. படிக்கட்டில் நின்று நின்று இறங்குவதை அவள் வாசலிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். நான் சிகரெட் பிடிப்பதை நிறுத்தினதற்கே பாராட்டாதவள், இப்போது ஒவ்வொரு நாளும் எனக்கு முட்டியில் தைலம் தேய்த்துவிட்டாள்.

ஒரு காலை, பனி படிந்த படியில் கால் வழுக்கியது. பேட்டரியை விடக்கூடாது என்ற ஒரே நினைப்பில் அதைக் கட்டிக்கொண்டே விழுந்தேன். அதற்கு ஒரு கீறல் இல்லை. எனக்கு முட்டி பெயர்ந்தது போல வலி, நெற்றியில் ரத்தம். பின்னால் டார்ச்சோடு வந்துகொண்டிருந்த அவள் அப்படியே உட்கார்ந்துவிட்டாள். என்னைத் தூக்கிவிடுகிற பலம் அவளுக்கு இல்லை. இரண்டு பேரும் ஒரே படியில் உட்கார்ந்திருந்தோம்.

"வேன் வந்துரும், எந்திரி" என்றேன்.

அன்றைக்கும் கொண்டுபோய் விட்டேன். ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பி வந்த மாலையில் அவள் கேத்தியில் இருக்கிற தன் தங்கச்சிக்குப் போன் போட்டாள். நான் கேட்கட்டும் என்றுதான் சத்தமாகப் பேசினாள்.

"அந்தப் பின்னாடி ரூமு சும்மாதானே கெடக்குது? நான் வந்து இருந்துக்கறன். அங்கிருந்து பஸ்லயே ஊட்டிக்குப் போயிக்கலாம்."

போனை வைத்ததும் சண்டை போட்டேன். பனிக்காலம் முடியப் போகிறது, மாசியில் வெயில் வந்துவிடும், கொட்டகைக்கு வேறு ஏற்பாடு செய்கிறேன் என்று என்னென்னவோ சொன்னேன். வாயில் வந்ததெல்லாம் வாட்டும் ஆம்பியரும்தான்.

"பனி அடுத்த வருசமும் வருமுங்க" என்றாள். "உங்க முட்டி அடுத்த வருசம் இப்புடிக்கூட இருக்காது. நான் இங்க இருந்தா நீங்க அதத் தூக்கறத நிறுத்த மாட்டீங்க."

நானும் வருகிறேன் என்று சொல்லவில்லை. சொல்லியிருந்தாலும் நடக்காது. தங்கச்சி வீட்டில் மகன், மருமகள், பேரப்பிள்ளைகள். அந்தப் பின்னறையில் ஒரு கட்டில்தான் போடலாம். இங்கே மாடு இருக்கிறது, தோட்டம் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேல் படகு இருக்கிறது. நான் போய்விட்டால் பிள்ளைகள் பள்ளிக்கூடம் போக முடியாது. யாருக்காக அந்த மோட்டாரைப் பார்த்துப் பார்த்துத் தேர்ந்தெடுத்தேனோ அவளை அனுப்பிவிட்டு, மற்ற எல்லாரையும் ஏற்றிக்கொண்டு ஓட்ட வேண்டியதாயிற்று. பகல் சவாரிக்கு அது அருமையான மோட்டார். அதை யாரும் குறை சொல்ல முடியாது.

அவள் போன நாள் ஒரு சனிக்கிழமை. அவசரம் எதுவும் இல்லாததால் பனி உருகி, நல்ல வெயில் வந்த பிறகுதான் கிளம்பினோம். ஒரு பெட்டி, ஒரு மருந்துப் பை, ஒரு தலையணை. அவளுக்குத் தன் தலையணை இல்லாவிட்டால் தூக்கம் வராது. நடுப் பலகையில் என்னைப் பார்த்து உட்கார்ந்தாள். எதிர்க்கரையில் தங்கச்சி மகன் ஆட்டோவோடு நின்றுகொண்டிருந்தான். காற்று துளிகூட இல்லை. தண்ணீர் அசையவில்லை. இப்படி ஒரு நாளில் அந்த மோட்டாரை முழுசாகத் திருகினால் பேசி முடிப்பதற்குள் அக்கரை வந்துவிடும்.

கிளம்பிச் சிறிது தூரம் போனதும் கைப்பிடியைப் பின்னால் திருகினேன். வேகம் குறைந்தது. இன்னும் திருகினேன். படகு நகர்கிறதா என்று தெரியாத அளவுக்கு வந்துவிட்டது.

"பேட்டரி எறங்கிருச்சுங்களா?" என்று கேட்டாள்.

"ஆமா" என்றேன். "குளுருக்கு."

முதுகில் வெயில் சுட்டது. பேட்டரிப் பெட்டி அவள் காலடியில்தான் இருந்தது. அதன் மீட்டரில் எல்லாக் கோடும் எரிந்துகொண்டிருந்தன. இத்தனை மாதத்தில் அந்த மீட்டரை என்னைவிட நன்றாகப் பார்க்கத் தெரிந்தவள் அவள். குனிந்து அதைப் பார்த்தாள். பிறகு திரும்பி, எதிர்க்கரையில் கையை ஆட்டிக்கொண்டிருந்தவனைப் பார்த்தாள்.

"அவன் நிக்கட்டுமுங்க" என்றாள். "இருக்கற சார்ஜுக்கு மெதுவாவே போங்க."